வெங்காயத் தோட்டத்தடியில் நிற்கும் கார்

கார் மறுபடியும் அதே வெங்காயத் தோட்டத்தடியில் நின்றது.

"நிண்டிட்டுது," என்றாள் பக்கத்தில் இருந்த வினிபிரட்.

"எனக்கும் தெரியுது," என்றார் நோர்மன்.

சனிக்கிழமை மகள் நிரோஜாவுக்குக் கலியாணம். உரும்பிராயிலிருந்து கோப்பாய்த் தேவாலயத்துக்கு அவளைத் தன் கையாலேயே ஓட்டிப் போவதென்று, அவள் பிறந்த அன்றே மனதில் முடிந்து வைத்தவர் நோர்மன். அதுவும் லேசுப்பட்ட காரா? துரைமார் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய சொகுசுக் கார். தொண்ணூற்றைந்து யுத்த இடப்பெயர்வோடு கொட்டிலுக்குள் போனது, இப்போதுதான் வெளியே வந்து மினுங்குகிறது. இன்றைய ஒத்திகையில் தேவாலய வாசலைத் தொடாவிட்டால் வாடகைக் கார்தான் என்று மகள் அறுத்துச் சொல்லிவிட்டாள்.

அவள் ஸ்கூட்டரில் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து கருவிப்பெட்டியோடு குதித்தான் மெக்கானிக் அருட்செல்வன்.

"காபிரேற்றர் அடைப்பு அண்ணை! வேறை ஒண்டுமில்லை!"

கழற்றினான், ஊதினான், பூட்டினான். வினிபிரட்டை மகள் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கூட்டிப்போக, அவனும் நோர்மனும் ஏறிப் பார்த்தார்கள். கார் பறந்தது! வீட்டுக்குத் திரும்பி வினிபிரட்டை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்கள். வெங்காயத் தோட்டம். நின்றது.

அருட்செல்வன் தலையைச் சொறிந்தான். "அக்கா ஏறினாத்தான் நிக்குது. சீற்றுக்குக் கீழை வயர் நசியுதாக்கும்."

"என்னைப் பாக்க நெல்லு மூட்டை மாதிரியோடா கிடக்கு?"

வயர்களை இழுத்து மேலே கட்டினான். வீட்டிலிருந்து மறுபடி வெளிக்கிட்டபோது, இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹோர்ன் தானாக அலறியது. வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். கார் அவர்களுக்கு முன்னாலேயே போய் நின்றது.

"பிடிச்சிட்டன் அண்ணை! சூட்டிலை பெற்றோல் ஆவியாகுது!"

ஈரச்சாக்கைப் பெற்றோல் பம்பின் மேல் போட்டான். தண்ணீர் வயருக்குள் இறங்கியது. இந்த முறை இயந்திரம் மட்டுந்தான் நின்றது. ஹோர்ன் நிற்கவில்லை.

"அம்மா இறங்கினா ஓடுமெல்லே அப்பா?" நிரோஜா ஹோர்னுக்கு மேலால் கத்தினாள்.

"பெத்த தாயை றோட்டிலை விட்டிட்டு உனக்கென்னடி கலியாணம்?" என்றாள் வினிபிரட்.

அருட்செல்வன் காருக்கு முன்னால் குந்தியிருந்து ஹோர்ன் வயரை வெடுக்கென்று பிடுங்கினான். முன்விளக்கு ஒன்று கழன்று அவன் மடியில் விழுந்தது. நோர்மன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"வாடகைக் காருக்கே சொல்லு பிள்ளை," என்றார்.

வினிபிரட்டுக்குப் பொறுக்கவில்லை.

"என்ரை பக்கத்திலை ஒரு பிழையுமில்லை. சண்டைக்காலப் பெற்றோல் தடை நேரம் காரை மண்ணெண்ணெயிலை ஓட்ட நீங்கள் சொல்லித் தந்தபடியே, கார் வெளிக்கிட்ட உடனே என்ரை காலடியிலை கிடக்கிற பெற்றோல் பைப்பைப் பூட்டி மண்ணெண்ணெய்ப் பைப்பைத் திறக்கிறன், நிண்ட உடனே திருப்பி மாத்திவிடுறன். மண்ணெண்ணெய் வாங்கி ஊத்த மறந்தது நீங்களெல்லே!"