வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னவர்

ஒரே ஒரு கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்: போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில் நீங்கள் கடைசியாக ரயிலேறியது எப்போது?

நினைவில்லையா? அப்படியென்றால் உங்கள் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள்.

ஆமை வேக ரயில்களின் ரசிகர் என்பது தனி இனம். கிளைப்பாதையில் வண்டி நன்றாக ஓடிய காலத்தில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார். பாதையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும் கேமரா, தொப்பி, குடை, குடைக்குள் இன்னொரு கேமரா சகிதம் வந்து இறங்கிவிடுவார். எதில்? காரில். ரயிலில் ஏறுவதற்காகக் காரில் வருவார். ஏறிய பிறகும் அந்தக் கார் பக்கத்துச் சாலையிலேயே கூடவரும். தண்டவாளத்துக்கு ஆன்மா உண்டு என்று அவர் நம்புகிறார். ரயிலில் போகிறவர்களுக்கு வேலை உண்டு என்பதைத்தான் நம்பமாட்டார்.

நம் ஆள் தொழிலால் பல் டாக்டர். ரயில் முடிகிற ஊரின் பெரிய தெருவில் கிளினிக். அங்கே சுவரில் ஒரு பலகை: 'தாமதமாக வருவோருக்கு மறு வாரம்தான்.' நேரம் தவறுவது ஒழுக்கக்கேடு என்று வாய் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளிகளிடம் சொல்வார். அவர்களால் மறுத்துப் பேச முடியாதே! அதே மனிதர் ரசிகர் சங்கத்தின் தலைவரும்கூட. குறுகிய பாதையைச் செப்பனிட்டு வண்டியைக் கொஞ்சம் வேகமாக விடலாமா என்று ரயில்வேக்காரர்கள் கேட்டபோது மேசையைத் தட்டி, "வேகம் வந்தா அழகு செத்துப்போகும்!" என்று முழங்கியவர் இவர்தான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. செப்பனிடும் திட்டம் அப்படியே தூங்கிப்போனது.

அன்று காலை, கிளினிக் திறப்பதற்கு முன் ஒரு சவாரி போகலாமென்று ரயிலேறினார். தொப்பியை இருக்கையில் போட்டு ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டார். எதிரே தையல்கார அம்மா ஒருவர், கன்னத்தைச் சுற்றித் துணி கட்டி, கண்ணை மூடி, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய நாத்தனார்.

டாக்டர் மெய்மறந்து போனார். என்ன நிதானம்! என்ன அமைதி! நகரத்து முகங்களில் இதைப் பார்க்க முடியுமா? படம் பிடித்தார். வீங்கிய கன்னத்தைப் பார்த்துப் பிழைக்கிற மனிதர், அதற்கு வெளிச்சம் போதுமா என்று மட்டும் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தான் அமைதியா இருப்பாங்களா?" என்று நாத்தனாரிடம் கேட்டார்.

"எங்க அண்ணியா? வாயைத் திறந்தா வண்டியே காது பொத்திக்கும். பல் வலி சார். ரெண்டு தடவை போனோம், ரெண்டு தடவையும் வண்டி லேட்டு, துரத்திவிட்டுட்டாங்க. இன்னைக்காவது பிடுங்கணும்."

"என்ன அவசரம்மா? பயணத்தை அனுபவிக்கணும். வெளியே பாருங்க, எவ்வளவு பசுமை!"

அண்ணி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையும் படமாயிற்று.

ஏற்றத்து வளைவு வந்தது. முந்தைய மழையில் தண்டவாளம் வழுவழுவென்றிருந்தது. இஞ்சின் மூச்சுப்பிடித்து ஏறிக்கொண்டிருக்க, டாக்டர் தலையை நீட்டி, "டிரைவர் தம்பி, ஒரே நிமிஷம்! இந்த இடத்துல ஒரு படம்!" என்று கத்தினார். இஞ்சின் டிரைவருக்குச் சங்கத் தலைவரைத் தெரியும். பேப்பரில் தன் படம் வந்ததும் அவரால்தான். நிறுத்தினார்.

நின்ற வண்டி மறுபடி கிளம்பவில்லை. சக்கரம் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றியது, வண்டி அசையவில்லை.

அந்தப் பாதையில் தினமும் போகிறவர்களுக்கு இது பழக்கம். யாரும் சொல்லாமலே இறங்கினார்கள். சரிவோரம் குவித்து வைத்திருந்த மணலைக் கைகையாய் அள்ளி, சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் தூவிக்கொண்டே நடந்தார்கள். கன்னக்கட்டோடு தையல்கார அம்மாவும் குனிந்து மணல் அள்ளினார்.

"நீங்களும் ஒரு பிடி போடுங்க சார்," என்றார் நாத்தனார்.

"அப்படியே இருங்க, அசையாதீங்க!" என்று டாக்டர் கேமராவைத் தூக்கினார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார். திடுக்கிட்டார். நேரம் தவறுவது ஒழுக்கக்கேடல்லவா? சரிவில் இறங்கிக் காரில் ஏறிப் போயே போய்விட்டார்.

மணல் தூவி, வண்டி ஏறி, அவர்கள் கிளினிக் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பு மேசைப் பெண் பலகையைக் காட்டினாள். நாத்தனார் பலகையைப் பார்த்தார். பாதி திறந்திருந்த கதவு வழியே டாக்டரைப் பார்த்தார். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார்.

"அடடா, நீங்களா?" டாக்டருக்கு மகிழ்ச்சி. "ஆனா நேரத்தோட வரவேண்டாமா? அடுத்த வாரம்..."

"என்ன அவசரம் சார்? அனுபவிக்கணும்! அண்ணி, அந்த நாற்காலியில ஏறிப் படுங்க. பல்லு வெளியே வர்ற வரைக்கும் எறங்காதீங்க. வெளியே பாருங்க, எவ்வளவு பசுமை!"

ஜன்னலுக்கு வெளியே பச்சைக் குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது. அண்ணி ஏறிப் படுத்தார். நாற்காலியின் கைப்பிடியை மணல் ஒட்டிய விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டருக்கு வேறு வழியில்லை. பல் வெளியே வந்தது. பஞ்சைத் துப்பிவிட்டு அண்ணி பேச ஆரம்பித்தார். கிளினிக்கே காது பொத்திக்கொண்டது.

திருந்தினாரா? நல்ல கேள்வி. அடுத்த சங்கக் கூட்டத்தில் அண்ணியின் படத்தைத் திரையில் ஆளுயரத்துக்குக் காட்டினார். தலைப்பு: 'காத்திருத்தலின் பேரின்பம்.' கைதட்டல் மறுபடி கூரையைப் பிளந்தது. சுவரில் பலகை அப்படியே இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டே, 'அந்த வளைவு எந்தப் பாதையில் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாமே' என்று ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், தாராளமாகப் போங்கள். வண்டி நின்றதும் கேமராவை மூடிவிட்டு இறங்குங்கள். எல்லோரோடும் குனிந்து ஒரு பிடி மணல் அள்ளிப் போடுங்கள்.