வேண்டுவார் இல்லாத நான்கு துப்பாக்கிகள்

அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை

எஸ்கனாபாவில் இருக்கும் தம்பி ரெய்னோவுக்கு அண்ணன் ஆர்னி எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் சில்வியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் சில்வியா எழுதியிருந்தாள். நீ கையெழுத்து மட்டும் போட்டிருந்தாய். அதுவும் அவள் கையெழுத்து மாதிரிதான் இருந்தது, பரவாயில்லை. பிப்ரவரியில் ஐலியின் அடக்க ஆராதனைக்கு நீ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததையும், காப்பிக்கு நிற்காமல் போனதையும் பார்த்தேன். பெண்டாட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு முன்வரிசையில் இருக்கிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது என்று நினைத்திருப்பாய். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பனி கொட்டியது, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். குறை சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது, ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் என் துப்பாக்கிகள். மொத்தம் நான்கு. முப்பத்தொரு வருஷமாக நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதற்குக் காரணமான அப்பாவின் பழைய ரைஃபிள் ஒன்று. காட்டுக்கோழி சுடுகிற இரட்டைக்குழல் ஒன்று. முயலுக்கான சின்னது ஒன்று. நான்காவது, கவுண்டி அரசாங்கத்தின் பனி அள்ளும் லாரியிலிருந்து இறங்கி ஓய்வு பெற்ற வருஷம், இனி தினமும் காடுதான் என்ற நினைப்பில் நானே வாங்கிய, தொலைநோக்கி வைத்த புதுத் துப்பாக்கி. புதுசு என்றால் பதினாறு வருஷத்துப் புதுசு. அதை மொத்தம் ஒன்பது தடவை சுட்டிருக்கிறேன், அதில் ஏழு குறி சரிபார்க்க, மற்ற இரண்டில் மான் பிழைத்துக்கொண்டது. தோள்பட்டை போனபிறகு எதையும் தொடவில்லை. நான்கும் அலமாரியில் நிற்கின்றன. அவற்றால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அப்படித்தான் ஆகஸ்ட் மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மார்க்கெட் நகரத்திலிருந்து மகள் லோர்னா, கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து மகன் டேரில். டேரில் தன் பிறந்த ஊருக்கு வர ஒன்பது மணி நேரம் ஓட்டினான் என்றால் ஏதோ பெரிய காரியம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லோர்னா ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்திருந்தாள், அவள் அம்மா சுடுகிறதில் பாதி கூட வராது, இருந்தாலும் தின்றேன். இரண்டாவது காப்பியின்போது அவள்தான் ஆரம்பித்தாள், அந்தத் துப்பாக்கிகளை எல்லாம் என்ன செய்வதாக உத்தேசம் என்று. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது, ரெய்னோ. ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பா போனபிறகு நாம் இரண்டு பேரும் அடித்துக்கொண்ட மாதிரி என் பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது, உயிரோடு இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வந்திருக்கிறார்கள், என்ன நல்ல பிள்ளைகள் என்று நினைத்து, எழுந்து நின்று, யாருக்கு எது என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அப்பாவின் ரைஃபிள் டேரிலுக்கு. அதில்தான் அவன் பதினாலு வயதில் முதல் மானைச் சுட்டான், அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

டேரில் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, தனக்கு வேண்டாம் என்றான். அடுக்குமாடி வீட்டில் இடம் இல்லை என்றான். இடம் இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் வை என்றேன். அவன் மனைவிக்குப் பிடிக்காது என்றான். அவளுக்கு என்னையும்தான் பிடிக்காது, அதற்காக நான் செத்தா போய்விட்டேன் என்று கேட்டேன். அதற்கு லோர்னா முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு டேரில் சொன்னான்:

"அப்பா, அந்த மானைச் சுட்டப்புறம் நான் வேட்டைக் குடிசைக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தேன். எனக்கு அது ஒருநாளும் பிடிச்சதில்ல. நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தேன், அவ்ளோதான்."

பதினேழு வருஷம் ஒவ்வொரு நவம்பரும் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிரில் என் கையுறையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்து, என் விரலில் இரண்டு நகம் கருத்துப் போயிற்று. பிடிக்கவில்லை என்றால் முதல் வருஷமே சொல்லித் தொலைத்திருக்கலாம், நானாவது கதகதப்பாக இருந்திருப்பேன். படத்தில் சிரித்துக்கொண்டுதானே நிற்கிறாய் என்று கேட்டேன். "நீங்க சிரிக்கச் சொன்னீங்க" என்றான்.

சரி, ஆண்பிள்ளைக்கு வேண்டாம், பெண்ணுக்காவது என்று திரும்பினால், லோர்னா நான்கையும் இன்றைக்கே வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்கிறாள். அவளுக்குத் துப்பாக்கியின் எந்தப் பக்கம் குண்டு வரும் என்று தெரியாது. என்னம்மா செய்வாய் என்றால், பத்திரமாக ஓர் இடத்தில் வைப்பேன் என்கிறாள். இங்கே என்ன, நடுத்தெருவிலா வைத்திருக்கிறேன் என்று கேட்டேன். விற்றுக் கூடத்துக்குத் தரைவிரிப்பு வாங்கப்போகிறாள் என்று முடிவு கட்டி, என் பொருளை விற்க எனக்குத் தெரியும் என்று சொல்லி இரண்டு பேரையும் அனுப்பிவைத்தேன். மிச்ச ரொட்டியைக் கூட எடுத்துப் போகச் சொன்னேன். அது மட்டும் அவசரப்பட்டுச் செய்தது.

மறுவாரம் நான்கையும் போர்வையில் சுற்றி வெண்டெல் கடைக்குக் கொண்டுபோனேன். வெண்டெலை உனக்குத் தெரிந்திருக்காது, முன்பு தூண்டில் புழு விற்றவன், இப்போது துப்பாக்கியும் விற்கிறான். அப்பாவின் ரைஃபிளை வாங்கிப் பார்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துத் திருப்பிச் சுவரைக் காட்டினான். சுவர் முழுக்க அதே ரைஃபிள், ரெய்னோ. பத்தொன்பது எண்ணினேன், பிறகு எண்ணப் பிடிக்கவில்லை. இந்தக் கவுண்டியில் விதவைகள் வாரத்துக்கு ஒன்று கொண்டுவருகிறார்களாம், ஒவ்வொருத்தியும் இது உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்று புருஷன் சொன்னதாகச் சொல்கிறாளாம். தொலைநோக்கிக்கு மட்டும் ஏதாவது தரலாம், துப்பாக்கியை அதனோடு சும்மா வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

அதோடு நிறுத்தினானா என்றால் இல்லை. குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தவன், அப்பாவின் ரைஃபிளை மேஜைமேல் தட்டினான். பொலபொலவென்று மண் கொட்டிற்று. குளவிக்கூடு. தோள்பட்டை போனபோது அதைத் தூக்கி அலமாரியில் வைக்க முடியாமல் ஒரு கோடை முழுக்க விறகுக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தேன், அப்போது குளவி குடிவந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷம் நீ என்னிடம் பேசாமல் இருந்தது ஒரு குளவி வீட்டுக்காக. உனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் போர்வையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வெண்டெல் குரலைத் தாழ்த்தி, வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். புழு விற்ற காலத்தில் என்னிடம் ஒருநாளும் இப்படி நலம் விசாரித்தவன் அல்ல. சந்தேகம் வந்து, என்ன சமாசாரம் என்று பிடித்துக்கொண்டேன். கடைசியில் கக்கினான்.

"கோவிச்சுக்காதீங்க ஆர்னி அண்ணே. உங்க பொண்ணு ஜூன்லயே போன் பண்ணிச்சு. நீங்க வந்து கேட்டா தோட்டா குடுக்காதீங்கன்னு சொல்லிச்சு."

அறுபது வருஷமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். ஒருமுறை கூட என் கையில் தவறுதலாக வெடித்ததில்லை. என் பெண், எனக்குத் தோட்டா விற்காதே என்று புழுக் கடைக்காரனிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அந்தக் கோபத்தில், விற்கவே மாட்டேன், ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன், கண்ணாடிப் பெட்டியில் அப்பா பெயரைப் போட்டு வைக்கட்டும் என்று அங்கே போனேன். அங்கே இருந்த அம்மாள் மிகவும் மரியாதையானவள். உட்காரச் சொல்லி, பிஸ்கட் கொடுத்து, துப்பாக்கிகள் தங்களிடம் ஒரு அறை நிறைய இருப்பதாகவும், வெண்ணெய் கடைகிற மரப்பானைதான் இல்லை என்றும், வீட்டில் இருந்தால் கொண்டுவரும்படியும் சொன்னாள். அம்மாவின் மரப்பானையை நான்தான் அடுப்பெரிக்க உடைத்தேன். ஆக, ஊருக்கு வேண்டியதை எரித்துவிட்டு யாருக்கும் வேண்டாததைப் பூட்டிக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோர்னா இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டி எடுத்துக்கொண்டு வந்தாள். இப்போது எல்லா ஞாயிறும் வருகிறாள். மற்ற நாளில் காலை ஏழு மணிக்கு போன் செய்கிறாள், நான் எடுப்பதற்குள் போன் நான்கு தடவை அடித்துவிட்டால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. வந்தவளை உட்கார வைத்து நேரே கேட்டேன்.

"நான் என்னையே சுட்டுக்குவேன்னு நினைக்கிறியா?"

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இல்லை, அப்படி எல்லாம் இல்லை என்று ஏதாவது மழுப்புவாள், அதைப் பிடித்துக்கொண்டு நன்றாக நான்கு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தேன். அவள் பேஸ்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாப்பா," என்றாள். "இந்த வருஷம் நீங்க உருளைக்கிழங்கு நடல."

மழை, ரெய்னோ. மே மாதம் முழுக்க மழை, மண் சேறாகக் கிடந்தது, எவன் நடுவான். அதைச் சொன்னேன். பக்கத்து வீடுகளில் எல்லோரும் நட்டிருக்கிறார்களே என்றாள். அவர்கள் முட்டாள்கள் என்றேன். சவுனா நீராவி அறை அடுப்பை எப்போது கடைசியாக மூட்டினீர்கள் என்று கேட்டாள். ஒரு ஆளுக்காக அவ்வளவு விறகை எரிப்பது வீண் என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டில், என் மேஜையில், நான் சாவேன் என்று என் முன்னாலேயே உட்கார்ந்து அழுகிறாள். எனக்கு வந்த கோபத்தில் பேஸ்டியைத் தொடவில்லை. ஒரு மனுஷன் பெண்டாட்டி செத்து எட்டு மாதத்தில் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்தால், உடனே அவன் அலமாரியைக் காலி செய்ய ஆள் அனுப்புவதா. நான் தினமும் ஷேவ் செய்கிறேன். செய்தித்தாள் படிக்கிறேன். தெருப் பனியை அள்ளப்போகும் புதுப் பையன்களின் வேலையைப் பற்றி கவுண்டி அலுவலகத்துக்கு எழுத மூன்று புகார் தயாராக வைத்திருக்கிறேன். சாகப்போகிறவன் செய்கிற காரியமா இது?

ஆகையால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வைத்துக்கொண்டால் பெண் அழுகிறாள். விற்றால் புழுக் கடைக்காரன் சும்மா கேட்கிறான். பிள்ளைக்குக் கொடுத்தால் வாந்தி. அப்பாவின் ரைஃபிளை நீ எடுத்துக்கொள். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. அது உன்னுடையதுதான். ஆஸ்பத்திரியில் அப்பா கடைசி வாரத்தில் யார் பெயரும் சொல்லவில்லை, ஆகவே மூத்தவனுக்குத்தான் என்று அன்று எல்லோர் முன்னாலும் சொன்னேன் அல்லவா. சொன்னார். "ரெய்னோகிட்ட குடு, அவன்தான் காட்டை ஒழுங்கா பார்க்கிறவன்" என்றார். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் படுக்கையைச் சுத்தம் செய்தவன் நான், முகம் துடைத்தவன் நான், நீ எஸ்கனாபாவில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தாய், காடு உனக்காம். எனக்கு வயிறு எரிந்தது, சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். ஐலிக்குக் கூடத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வருஷமே உன் வாசலில் கொண்டுவந்து வைத்திருப்பாள்.

அவசரம் ஒன்றும் இல்லை. மான் வேட்டைப் பருவம் நவம்பர் பதினைந்தாம் தேதி தொடங்குகிறது, அப்போது இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொள். வராவிட்டால் வசந்தகாலத்தில் வா, ரோடும் நன்றாக இருக்கும். குளவிக்கூட்டை எடுத்துவிட்டேன். மற்ற மூன்றும் இங்கேயே இருக்கும். ஒரு மனுஷனைப் பற்றி ஊரில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பது எனக்குப் பிடிக்காது. என்னைப் பற்றி நீ ஒன்றும் கவலைப்பட வேண்டியதில்லை, முப்பத்தொரு வருஷம் எப்படி இருந்தாயோ அப்படியே இரு.

சில்வியாவுக்கு என் அன்பு. உன் முழங்கால் படியேறும் பலம் பெறவும், உன் வீட்டுக் கூரை இந்தக் குளிர்காலப் பனியைத் தாங்கவும், உன் மேஜையில் ரொட்டியும் அதைச் சுற்றி ஆட்களும் குறையாமல் இருக்கவும் ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

உன் அண்ணன்,
ஆர்னி

பி.கு. (புதன்கிழமை காலை): அவசரம் இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. இந்த வாரமே வா. லோர்னா நினைத்தது தப்பில்லை. ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், துப்பாக்கி துடைப்பதற்காக அல்ல. போன வியாழக்கிழமையும் உட்கார்ந்தேன். அவளிடம் இன்று காலை ஏழு மணிக்குச் சொல்லிவிட்டேன், டாக்டரிடம் கூட்டிப்போக வந்துகொண்டிருக்கிறாள். நான்கையும் எடுத்துக்கொண்டு போ, அப்பாவுடையதை மட்டும் அல்ல. அலமாரிச் சாவியை இந்த உறையில் வைத்து ஒட்டுகிறேன், வேறு சாவி கிடையாது. உனக்கு போன் செய்யாமல் இத்தனை பக்கம் எழுதியது அதற்காகத்தான். போனில் சாவியை அனுப்ப முடியாது.