மூன்று மெய்ப்பிலும் ஒரே பிழை

அச்சேறும் முன் சரிபார்க்கத் தந்த அழைப்பிதழின் முதல் மெய்ப்பிலேயே அக்காவின் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று இருந்தது.

"ஏம்மா, எங்க அக்காவுக்குக் கல்யாணமே ஆகல. 'செல்வி'ன்னு போடு."

அச்சகத்தில் டைப் அடிக்கும் பெண் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். "சரி சார்."

அவர் பத்திரிகை ஆபீஸில் இருபத்தைந்து வருடமாகப் பிழை திருத்துகிறவர். அக்கா பெரிய மருத்துவமனையில் தலைமை நர்ஸ். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பணி நிறைவு விழா. "அந்தப் பொண்ணுகிட்டயே குடு. என் பேரை அவ தப்பா போடமாட்டா" என்று அக்காதான் இந்த அச்சகத்துக்கு அனுப்பியிருந்தாள்.

வீட்டில் மனைவி சிரித்தாள். "அறுபது வயசுல செல்வியா? ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கின பொண்ணு மாதிரி இருக்கு. அண்ணி மேடையை விட்டே இறங்கிடுவாங்க."

அவர் அகராதியை இறக்கினார். "செல்வம்கிறதுலேர்ந்துதான் செல்வி வந்திருக்கு. நல்ல சொல்தானே?"

"சொல் நல்ல சொல்தான். வயசு இடிக்குதே!"

"குமரி? இளமை, அழியாமைன்னு பொருள் போட்டிருக்கான்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "கீழேயே கற்றாழைன்னும் போட்டிருக்கானே."

மடந்தை பத்தொன்பது வயதோடு முடிந்துபோனாள். பேதையில் தொடங்கி ஏழு பருவம் எண்ணிய பழைய புலவர்கள், நாற்பதில் பேரிளம்பெண்ணோடு கடையைச் சாத்தியிருந்தார்கள். அறுபதுக்கு ஒருத்தரும் ஒரு சொல்லை எடுத்துவைக்கவில்லை.

கடைசியில் அச்சகத்துக்குப் போன் செய்தார். "செல்வி வேணாம்மா. 'மங்காத இளமைச் செல்வம்'னு போட்டுடு."

இரண்டாம் மெய்ப்பு வந்தது: 'திருமதி மங்காத இளமைச் செல்வம்.'

சிவப்புப் பேனா தாளைக் கிழித்தது. அத்தனையையும் அடித்து, மேலே 'குன்றாக் குமரி' என்று எழுதி அனுப்பினார். மூன்றாம் மெய்ப்பைப் பார்க்க நேரிலேயே போனார்.

அச்சக முதலாளி தாளைத் தூக்கிப் பிடித்தார். "என்ன சார், முகப்பூச்சு விளம்பரமா?"

அதில் 'குன்றாக் குமரி திருமதி' என்று இருந்தது.

"உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று அந்தப் பெண்ணிடம் கத்தியவர், சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குரல் உடைந்தது. "அப்பா அம்மா போனப்ப எனக்கு எட்டு வயசும்மா. வந்த மாப்பிள்ளையை எல்லாம், தம்பி படிப்பு முடியட்டும்னு திருப்பி அனுப்பினா. அப்புறம் எனக்கு வேலை கிடைக்கட்டும்னா. அப்புறம் யாருமே வரல. என்னாலதான் தனியா நின்னா. பேருக்கு முன்னாடி போட மரியாதையா ஒரு சொல்லாவது நான் கண்டுபிடிச்சுக் கொடுக்க வேண்டாமா?"

அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடினாள்.

"அழாதீங்க. நேர்ல சொல்லக் கூச்சமா இருக்கு, அழைப்பிதழைப் பார்த்து அவனே தெரிஞ்சுக்கட்டும்னு உங்க அக்காதான் சொன்னாங்க. மூணு தடவை காட்டியும் நீங்க அடிச்சுக்கிட்டே இருந்தா நான் என்ன பண்றது?"

"என்ன தெரிஞ்சுக்கணும்?"

"போன மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்க அப்பாவுக்கும் உங்க அக்காவுக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான், மாமா."