புகையடக்கிச் சித்தரும் அவரைப் பூச்சியும்

வியாழக்கிழமை சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைவிட புகையடக்கிச் சித்தருக்கு நிற்கும் கூட்டம் பெரிது. லாட்ஜ் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, ஒரு சிட்டிகைத் திருநீற்றை வந்தவரின் உதட்டுக்குள் அடக்குவார். பத்து வருடச் சிகரெட் அன்றே விடைபெறும். திருநீறுதான் விடைபெறாது. ஒருநாள் தவறினால் கை நடுங்கும், எரிச்சல் பொங்கும். "பழைய பாவம் கத்துது" என்பார் சித்தர். கத்தட்டுமே, அடுத்த பொட்டலம் தயார்.

ஹேமந்தும் சிகரெட்டை விட்டான். தொழிற்சாலை முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி கவிப்பிரியா மகிழ்ந்தாள். பொட்டலம் தீர்ந்த நாளில் அவன் சுள்ளென்று விழுந்தபோது யோசித்தாள். ஐந்து மாத வயிற்றுப்பிள்ளைக்காரியான அவளுக்கே அவன் ஒரு பொட்டலம் நீட்டியபோது அதைச் சோதித்துப் பார்க்க முடிவே செய்துவிட்டாள்.

"கொழந்த நல்லா பொறக்க நீயும் வெச்சுக்கணுமாம்."

"வெச்சுக்கிறேன். மொதல்ல நம்ம வூட்டு அவரைக்கொடி வெச்சுக்கட்டும்."

அடுத்த வியாழன், அசுவினிப் பூச்சி அப்பிய இரண்டு அவரைக் கொத்துகளோடு வரிசைக்கு வந்தாள். ஒன்றில் கோயில் திருநீறு கரைத்த தண்ணீரைத் தெளித்தாள். மற்றதில், பாட்டிலில் கரைத்து வந்த சித்தர் திருநீறு. டீ ஆறுவதற்குள் சித்தர் கொத்தின் பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மற்றவை சுகமாக ஊர்ந்தன.

"அதுங்களுக்கு நம்பிக்கை இல்ல, செத்துடுச்சுங்க" என்றார் சித்தர்.

"அப்ப உசுரோட கீறதுங்க பக்திப் பூச்சியா சாமி?" என்றார் வரிசையில் நின்ற செக்யூரிட்டி இராமச்சந்திரன். முன்பு வடக்குப்பட்டு கிராமத்தில் பயிர் வைத்தவர். பாட்டிலை முகர்ந்தார். "அட, கத்திரிப் பூச்சிக்கு நாம அடிச்ச பொகையிலத் தண்ணி. இதுக்கா கால் கடுக்க நின்னுகினு கீறேன்?"

புதுப் பொட்டலத்தோடு நின்ற ஹேமந்த் திகைத்தான். "அப்ப நான் வுடவே இல்லியா?"

"பொகைய வுட்டே. பொகையிலைல இருக்கிற நிகோடினை வுடல" என்றாள் கவிப்பிரியா. " மூளைல சில பூட்டு இருக்கு. அதுக்கு ஒடம்பே சுரக்கிற அசிட்டைல்கோலின்தான் சொந்தச் சாவி. நிகோடின் கள்ளச்சாவி. தொறந்தா சொகம் காட்டுற டோபமைன் சுரக்கும், 'இன்னொரு தபா'ன்னு மனசு கேக்கும். சாவி வரலைன்னா எரிஞ்சு விழுவே. பூச்சிக்கும் அதே மாதிரி பூட்டுதான். சின்ன ஒடம்பு, தாங்கல. நம்ம கொழந்த மட்டும் தாங்குமா?"

அவன் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டான். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி மட்டும் இருந்தது. முக்காலம் அறிந்தவர் காஞ்சிபுரம் பஸ் நேரத்தையும் அறிந்திருந்தார்.

"கை நடுங்குது, கவி" என்றான் மறுநாள் காலை.

"கொஞ்ச நாள் நடுங்கும். டாக்டர பாக்கலாம், வா." பிடித்த அந்தக் கையை அவள் விடவில்லை.

அவரைப் பூச்சி கேள்வி கேட்காமல் செத்தது; அதற்குக் கேட்கத் தெரியாது. வரிசையில் நின்றவர்களுக்கு?