துணைமாத்திரையார்

துணைமாத்திரையார் என்றோர் இனம் உண்டு. இவர் மருந்தைக் கண்டுபிடிப்பவரும் அல்லர், விற்பவரும் அல்லர், பிறர் உண்ணும் மருந்துக்கு வரன் பார்ப்பவர். ஒரு மாத்திரை தன்னந்தனியே யாருடைய வயிற்றிலாவது இறங்குவதை இவரால் பொறுக்க இயலாது.

சூளகிரித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் எந்தக் கம்பெனிப் பேருந்திலும் இவரைக் காணலாம்: சட்டைப்பையில், மைத்துனருக்கு எழுதிக்கொடுத்ததில் மிஞ்சியது, சம்பந்தியம்மாள் பாதியில் நிறுத்தியது, பெங்களூரு மருத்துவர் மாற்றிவிட்டது என, கத்தரியால் நறுக்கப்பட்டுப் பெயரிழந்த அட்டைத் துண்டுகள், முகத்தில் கனிவு. அந்தக் கனிவு உண்மையானது. அதுதான் தொல்லை.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் கோவிந்தப்பன். பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை மாதேஷுடையது. முதுகெலும்பில் அடிபட்ட மாதேஷ், மூன்று மாதங்களாக அபின் வகை வலி மாத்திரை உண்டுவந்தார். முதலில் ஒரு மாத்திரை ஷிப்டு முழுவதும் தாங்கியது; பிறகு தேநீர் இடைவேளை வரைகூடத் தாங்கவில்லை. அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் சானியா வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார். வியாழன்வரை பொறுப்பாரா கோவிந்தப்பன்?

“மாத்திரை மேல தப்பில்ல மாதேசு. உடம்பு பழகிப்போச்சு. கூட இன்னொண்ணு போட்டீன்னா, பழசு புதுசாட்டம் வேலை செய்யும்.”

“டாக்டரம்மாவக் கேக்க வேணாமாண்ணா?”

“அவங்களும் இதத்தானப்பா சொல்லப்போறாங்க! அதுக்கு எதுக்கு ஒருநாள் லீவு?”

கருத்து முழுப் பிழையன்று, கவனியுங்கள். இவ்வினத்தார் சொல்வதில் பாதி எப்போதும் சரியாகவே இருக்கும்.

மாலையில் மாதேஷ் தம் மாத்திரையையும் கோவிந்தப்பன் கொடுத்ததையும் சேர்த்து விழுங்கினார். வலி போயிற்று. உடன் விழிப்பும் போயிற்று. மனைவி மாதேஸ்வரி உலுக்கினார், தண்ணீர் தெளித்தார், மூச்சோ, மறந்து மறந்து நினைவு வந்தாற்போல் வந்தது. ஆட்டோவில் கிடத்தி மருத்துவமனைக்கு விரைந்தார்கள். முறிமருந்து ஊசி போட்டுவிட்டு, கோவிந்தப்பனை வரவழைத்தார் மருத்துவர் சானியா.

“என்ன மாத்திரை குடுத்தீங்க? பேரு சொல்லுங்க.”

“பேரு தெரியாதுங்க மேடம். சின்னதா, மஞ்சளா, நடுவுல கோடு இருக்கும். நல்ல மாத்திரைங்க.”

“யாருக்கு நல்லது?”

“என் மச்சானுக்குங்க.”

“அவருக்கு என்ன நோவு?”

“வலிப்புங்க.”

மாதேஸ்வரி நிமிர்ந்தார். “இவரு மொதல்ல எந்திரிக்கட்டும்ண்ணா. அப்புறம் உங்களுக்கு நான் தர்றேன் ஒரு மாத்திரை!”

இரண்டு மணி நேரம் கழித்து மாதேஷ் கண் திறந்தார். மாதேஸ்வரி அப்போதுதான் அழுதார்.

“வேற மருந்து சேத்து இந்த டோஸைக் குறைக்கத்தான் வியாழக்கிழமை வரச் சொன்னேன்,” என்றார் மருத்துவர். “ஆனா எது, எவ்வளவுன்னு பாத்து, மூச்சையும் கவனிச்சுக்கிட்டே குடுப்போம்.”

கோவிந்தப்பனின் முகம் மலர்ந்தது.

“பாத்தியா மாதேசு? நான் சொன்னதயேதான் அவங்களும் சொல்றாங்க!”

அன்புள்ள வாசகரே, சிரித்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் மஞ்சள் நிறம், நடுவில் கோடு என்றதும், அஃது இன்ன மாத்திரைதான் என்று ஊகித்தீர்களா? முழுதாகக் கொடுத்ததுதான் தவறு, பாதி போதுமே என்று மனத்துக்குள் திருத்தமும் செய்தீர்களா?

அப்படியானால், எனக்கு எங்கே வலிக்கிறது என்பதை உங்களிடம் சொல்ல மாட்டேன்.