என்னோடு பெண் பார்க்க வந்த உண்ணி

அறிவாளி என்று பெயரெடுக்க ஆசைப்படுகிறவன், பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். கால்நடை வைத்தியம் படித்துத் தென்காசியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. (ஊருக்கு நான் 'மாட்டு டாக்டர்', எனக்கு நான் மகாமேதை.) குற்றாலத்து மலையடிவாரத்தில் மாட்டுக் கிடைகளையெல்லாம் சுற்றிவிட்டு, அடுத்த வாரம் பண்பொழிக்குப் பெண் பார்க்கப் போனேன். தலைவலி இருந்தது. நல்ல நாளைத் தள்ளிப்போடக் கூடாது என்றுவிட்டாள் அம்மா.

கேசரி வந்தது. பெண்ணின் அப்பா மரியாதைக்கு, "சோலியெல்லாம் எப்படிப் போகுது தம்பி?" என்றார்.

போதாதா? மாட்டு உண்ணி மனிதரைக் கடித்தாலும் காய்ச்சல் வரலாம், கடித்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டும், உடம்பில் சிவப்புப் புள்ளி போடும் என்று பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கேசரி ஆறிப்போனது.

"நாங்க தலைமுறையா மாட்டோடதான் கெடக்கோம். எங்களுக்கு ஒண்ணும் வரலியே?" என்று சிரித்தார் அவர்.

பதில் சொல்ல எழுந்தேன். கூடம் சுற்றியது. கேசரித் தட்டின் மேலேயே விழுந்தேன்.

தூக்கியவர்கள் என் மணிக்கட்டைப் பார்த்து அலறினார்கள். "ஐயையோ, அம்மைலா போட்டிருக்கு!"

கண்மூடித் திறப்பதற்குள் கூடம் காலி. வாசலில் வேப்பிலை ஏறியது. என்னைத் தொழுவத்தை ஒட்டிய அறையில் கிடத்தினார்கள். "அம்மை இல்ல, உண்ணிக் காய்ச்சல்!" என்று கத்தினேன்.

"பாவம், ஜன்னி கண்டுட்டு. பொலம்புதாரு" என்றார் பெண்ணின் அப்பா.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "எப்பா, கடிச்ச இடம் கறுத்திருக்கும்னு அவுக சொன்னாகள்லா? எங்கனயாச்சும் இருக்கான்னு பாருங்களேன்."

என் பிரசங்கத்தைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன்!

அவர் பயந்து பயந்து பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் கறுத்த பொருக்கு. பக்கத்திலேயே இன்னோர் உண்ணி சுகமாகக் குடியிருந்தது. தென்காசியிலிருந்து வந்த டாக்டரும் உண்ணிக் காய்ச்சல்தான் என்றார். கொதிக்கிற உடம்போடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பேச்சுக்கு என் காலே சாட்சி!

அவளையே கட்டிக்கொண்டேன். நான் பேசினால் கொட்டாவி விடுகிற ஊர், அவள் தொழுவம் தொழுவமாகப் போய், "மாட்டுக்கு உண்ணி எடுத்த கையோட ஒங்க காலையும் பாத்துக்கிடுங்க" என்றபோது கேட்டது. எத்தனையோ பேர் காய்ச்சலுக்குத் தப்பினார்கள். அந்தப் பெருமை முழுக்க அவளுடையது.

இன்றும் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்க எவர் வந்தாலும் என் மச்சினி கேட்டுவிடுகிறாள்: "கேசரி இருக்கட்டும் மாப்ளே, மொதல்ல முழங்காலக் காட்டுங்க!"