அருமநாயகத்தின் வெள்ளையணுக்கள்

அருமநாயகத்தின் ரத்தத்தில் வெள்ளையணு பதினான்காயிரம் என்று மூன்றாவது முறையும் காட்டியபோது, சுனிதா மெஷினைத்தான் சந்தேகப்பட்டாள்.

பாறசாலையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் டாக்டர் உமேஷின் கிளினிக். அதை ஒட்டிய அறையில் சுனிதாவின் லேப். அருமநாயகம் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நெய்யாற்றின்கரையில் வேறொரு லேபில் பார்த்தால் ஏழாயிரம். இங்கே வந்தால் இரட்டிப்பு. இன்னொரு தரம் இப்படி ஆனால் எல்லா டெஸ்டையும் வெளியே அனுப்பப்போவதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

மெஷினைச் சரிபார்க்க ஆள் வந்தான். குறை ஒன்றுமில்லை என்றான். ஒருவேளை சாப்பாட்டுக்குப் பின் வருவதால் இருக்கும் என்று நினைத்து, அருமநாயகத்தைக் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னாள். அவர் சட்டை நனைந்து, மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார். நாடித்துடிப்பு நூற்று முப்பது. வெள்ளையணு பதினாறாயிரம்.

"ஓடியா சார் வந்தீங்க?"

"ஓடவோ? எனக்கென்ன அவசரம்?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனதில் ஏதும் பயம் உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"பயமோ? எனக்கோ? நான் முப்பது வருசம் போலீசில இருந்தவனாக்கும்."

அப்படியென்றால் வீட்டில்தான் பிரச்சினை என்று டாக்டர் முடிவு செய்து, அவர் மனைவி ஜெபகுமாரியை வரவழைத்து, கணவரிடம் சத்தம் போடாதீர்கள் என்றார். சத்தமே போட்டறியாத ஜெபகுமாரி அன்று முதல் பேச்சையே நிறுத்திவிட்டார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அருமநாயகம் குழம்பினார். அடுத்த டெஸ்டில் பதினேழாயிரம். சுனிதாவுக்கு அழுகை வந்தது.

கடைசியில் டாக்டர் பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதினார். பயந்தாலும் ஓடினாலும் அட்ரினலின் சுரக்கும், ரத்தக்குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளையணுக்கள் அதன் உத்தரவில் ரத்தத்துக்குள் இறங்கிவிடும், நோயே இல்லாமல் எண்ணிக்கை ஏறும் என்று சுனிதாவுக்கு விளக்கினார். மாத்திரை அந்த உத்தரவைத் தடுக்குமாம்.

பத்து நாள் கழித்து அருமநாயகம் நிதானமாக வந்தார். சட்டை காய்ந்திருந்தது. நாடி எழுபத்தாறு, வெள்ளையணு ஏழாயிரத்து இருநூறு. சுனிதா ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மாதம் டாக்டர்கள் கூட்டத்தில் இதைக் கட்டுரையாக வாசிக்கப்போவதாகவும், ஜெபகுமாரி இனி தாராளமாகப் பேசலாம் என்றும் அறிவித்தார். அருமநாயகம் மட்டும் ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிப்படி துடைக்கும் ஓமனா வாளியோடு வாசலில் வந்து நின்றாள்.

"சாரே, படிக்குக் கீழ கெடந்த அந்த நாயெ நேத்து வண்டியில ஏத்திக் கொண்டுபோயாச்சு. இனி மூணு மாடியும் ஓடி ஏறண்டாம், கேட்டீங்களா?"